குருவி பயந்திடும்

— கதவை அடிச்சுச் சாத்தாதையுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது! பாருங்கோ, எழும்பப் பாக்கிறாள். லோரன்ஸ், நில்லுங்கோ. அதிலையே நில்லுங்கோ.

— என்ர வீட்டுக்கை நான் கள்ளன் மாதிரியே பூந்து வாறது? எட்டு மணித்தியாலம் லாகர்க் கிடங்கிலை பெட்டி தூக்கிப்போட்டு வாறன், செலின். ஒரு வாய் தேத்தண்ணி...

— உஸ்ஸ்! மெல்லக் கதையுங்கோ. சப்பாத்தைக் கழட்டிப்போட்டுச் சொக்ஸோடை வாங்கோ. குசினி யன்னலுக்குக் கிட்டப் போகவேண்டாம்.

— ஒரு குருவிக்கு இந்த மரியாதை. கலியாணம் கட்டிப் பதினாறு வருசம், எனக்கு ஒரு நாளாவது இப்பிடி நடந்திருக்கிறியே?

— நீங்களும் பன்ரண்டு நாள் அரைவயிறும் குறைவயிறுமாய் முட்டைக்கு மேலை குந்தியிருங்கோ. மரியாதை தாறன்.

— வடிவான குருவி எண்டாலும் பரவாயில்லை. எங்கடை தேன்சிட்டு மாதிரி ஒரு மினுக்கம், ஒரு நிறம். இது சேத்திலை விழுந்தெழும்பின மாதிரி மண்ணிறம்.

— புருசன்காரன் தான் கறுப்பு, மஞ்சள் சொண்டு. இவளுக்கு மண்ணிறம்தான் பாதுகாப்பாம். ஆரும் காணமாட்டினம். கீழ்வீட்டுக் கியர்ஸ்டன் சொன்னவ. சோல்சோர்ட் எண்டு பேராம்.

— கியர்ஸ்டன் வேற என்ன சொன்னவ? புருசனைப் பட்டினி போடச் சொன்னவவே?

— சத்தம் கேட்டுத் திரும்பத் திரும்ப எழும்பினால் முட்டை ஆறிப்போகுமாம். பேந்து கூட்டை விட்டிட்டே போயிடுவாளாம். தேத்தண்ணி போத்திலுக்கை இருக்கு. கேத்திலைப் போடாதையுங்கோ, அது கூக்குரல் வைக்கும்.

— செலின், இஞ்சை பார். நீ இண்டைக்கும் வேலைக்குப் போகேல்லை, என்ன?

— சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டன்.

— மூண்டாம் நாள். முதியோர் இல்லத்திலை எத்தினை நாளைக்குப் பொறுப்பினம்?

— ஏலாது, லோரன்ஸ். திங்கக்கிழமை ஒரு மனிசியைக் குளிப்பாட்டிக்கொண்டு நிண்டன். என்னையறியாமல் அழுதிட்டன். அது தன்ர ஈரக் கையாலை என்ர கண்ணைத் துடைச்சுவிடுது. அதுக்குத் தன்ர பேரே ஞாபகமில்லை. இனி நான் எந்த முகத்தோடை அங்கை போறது?

— சரி, போகாதை. அப்ப நாளைக்கு என்னோடை கோப்பன்ஹேகனுக்கு வா. விடிய ஆறு மணிக்கு ஹோர்சன்ஸ் ஸ்ரேசனடியிலை பஸ் வெளிக்கிடுது. எல்லாரும் போகினம்.

— போய்?

— பாராளுமன்றத்துக்கு முன்னாலை நிப்பம். பதாகை பிடிப்பம்.

— போன கிழமையும் நிண்டனாங்கள் தானே. மழையுக்கை நிண்டு தொண்டை கிழியக் கத்தினனாங்கள். ஒருத்தன் சைக்கிளை நிப்பாட்டி, இது எந்த நாட்டுக் கொடி எண்டு கேட்டிட்டுப் போனான். அதுதான் நடந்தது.

— அதுக்காகச் சும்மா குந்தியிருக்கச் சொல்லுறியே?

— நான் சும்மா இருக்கேல்லை.

— வேற என்ன செய்யிறாய்? விடியத் தொடங்கினால் இந்தக் கதிரை, இந்த யன்னல், இந்தக் குருவி. இண்டைக்கு மே பதினாலு. உன்ர தங்கச்சி கடைசியாய்க் கதைச்சது ரெண்டாந் திகதி. முள்ளிவாய்க்காலிலை ஒரு துண்டு நிலத்துக்கை அவ்வளவு சனம். நான் லாகரிலை பெட்டி தூக்கேக்கையும் விக்ரோரியாவைத்தான் நினைக்கிறன், தெரியுமே? நீ முட்டை பாத்துக்கொண்டிருக்கிறாய்!

— கத்தாதையுங்கோ!

— கத்தேல்லை. எனக்கு நெஞ்சு வெடிக்குது, அதுதான்.

— லோரன்ஸ், இதிலை இருங்கோ. ஒண்டு சொல்லுறன், சிரிக்கக் கூடாது. பேசவும் கூடாது.

— சொல்லு.

— ரெண்டாந் திகதி விக்ரோரியா கதைச்சு முடிய லைன் அறுந்தது. நான் அப்பிடியே போனைப் பிடிச்சபடி இந்த யன்னலாலை பாத்தன். தண்ணிப் பீலிக்கும் சுவருக்கும் இடையிலை கூடு. இவள் அப்பத்தான் வந்து முட்டையிலை குந்தினாள். என்னையே பாத்தாள். நான் அந்த இடத்திலையே மடு மாதாவுக்கு நேந்துபோட்டன்.

— என்னெண்டு?

— இந்த முட்டை பொரிச்சு, ஒரு குஞ்செண்டாலும் பறந்திட்டால், விக்ரோரியாவும் உயிரோடை வெளியிலை வந்திடவேணும் எண்டு. ரெண்டு பேரையும் உன்ர கையிலை தாறன் தாயே எண்டு.

— விசரே உனக்கு? ஒரு குருவிக்கும் வன்னிக்கும் என்ன தொடுசல்?

— குருவிக்குத் தெரியாது. மாதாவுக்குத் தெரியும்.

— கோயிலுக்குள்ளை ஒதுங்கின சனத்துக்கு மேலையும் ஆமியின்ர செல் விழுந்து வெடிச்சதுதானே. அப்ப எங்கை போனவவாம் உன்ர மாதா?

— லோரன்ஸ்!

— சரி. சரி, அழாதை. வாய் தவறிச் சொல்லிப்போட்டன். நானும் மனிசன்தானே.

— அம்மா மாசியிலை போனா. அவளின்ர மனிசன் பங்குனியிலை. அவள் தனிச்சுப்போய் நிக்கிறாள். இருபத்தாறு வயது. எனக்குப் பிடிச்சுக்கொள்ள இதை விட்டால் வேற என்ன இருக்கு, சொல்லுங்கோ? நீங்கள் பதாகையைப் பிடியுங்கோ. நான் இதைப் பிடிக்கிறன்.

— ம்.

— கோவமே?

— இல்லையப்பா. கோவிக்க என்ன கிடக்கு. அப்ப... உன்ர நேர்த்தி எந்த மட்டிலை நிக்குது?

— வந்து பாருங்கோ. குனிஞ்சு வாங்கோ. திரைச்சீலையைத் தொடாமல், இந்தக் கரையாலை. இப்ப அவள் புழுத் தேடப் போட்டாள். தெரியுதே?

— நீல முட்டை... ஒண்டு, ரெண்டு, மூண்டு. நாலெண்டெல்லோ சொன்னனீ?

— கோதுக்குப் பக்கத்திலை பாருங்கோ.

— அட! அட, செலின்! உரிச்ச றால் மாதிரி ஒண்டு கிடக்கு!

— மெல்ல! பதினொரு மணிக்குப் பொரிச்சது. முதல் ஒரு வெடிப்பு. பேந்து ஒரு ஓட்டை. பேந்து இவர் வெளியிலை வந்து விழுந்தார். கண்ணும் திறக்கேல்லை, ஆனால் வாயைப் பாருங்கோ, எவ்வளவு பெரிய மஞ்சள் வாய்.

— உன்ர குடும்பம்தான், பாத்த உடனை தெரியுது.

— பாத்தியளே, நீங்கள் சிரிக்கிறியள். எத்தினை நாளைக்குப் பிறகு சிரிக்கிறியள்!

— உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு மாதிரிக் கிடக்கு. பொரிச்சிட்டுது பார். இவ்வளவு குளிருக்கையும் பொரிச்சிட்டுது.

— அவள் வருவாள், லோரன்ஸ். எனக்கு இண்டைக்குக் காலமையிலை இருந்து மனம் சொல்லுது. அவளுக்கு அந்தச் சின்ன அறையை ஒதுக்கிக் குடுப்பம். பள்ளிக்கூடத்திலை டெனிஷ் படிக்கட்டும். பிள்ளையளுக்குப் படிப்பிச்சவள், கெதியாய்ப் பிடிச்சிடுவாள்.

— ஓம், ஓம். முதலிலை வரட்டும். அதுசரி, இண்டைக்கு ஒருதரும் எடுக்கேல்லையே? லண்டனிலை இருந்து உன்ர சித்தி ஒருநாளும் தவறமாட்டாவே.

— இல்லை, ஒருதரும் எடுக்கேல்லை.

— சித்தியும் எடுக்கேல்லையே? போன் எங்கை? இந்த யன்னலடியிலைதானே கிடக்கிறது.

— அது... உள்ளை வைச்சிருக்கிறன்.

— எதுக்குள்ளை?

— பேசாதையுங்கோ. காலமை எட்டு மணிக்கு ஆரோ கேபிள் விக்கிறவன் எடுத்தான். யன்னலுக்குப் பக்கத்திலை கிணுகிணு எண்டு அடிச்ச உடனை இவள் வெருண்டு பறந்திட்டாள். கால் மணித்தியாலம் வரேல்லை. எனக்கு உயிரே போட்டுது. சத்தத்தைக் குறைக்கிறது எப்பிடி எண்டு தெரியேல்லை. அதுதான் துவாயாலை சுத்தி...

— சுத்தி?

— அரிசி வாளிக்குள்ளை வைச்சு மூடிப்போட்டன்.

— அரிசி வாளிக்குள்ளையே? செலின், நாங்கள் ஒரு போனுக்காகத்தானே உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு இருக்கிறம்!

— நான் மறக்கேல்லை! கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எடுத்து, நம்பர் ஏதும் விழுந்திருக்கே எண்டு பாத்தனான். மாதா அறிய, பாத்தனான்.

— கடைசியாய் எப்ப பாத்தனீ?

— பத்தே முக்காலுக்கு. பேந்து முட்டை வெடிச்சிது...

— இப்ப நேரம் மூண்டரை. எடு அதை. கெதியாய் எடு.

— இந்தாங்கோ. அரிசி ஒட்டியிருக்கு, துடைச்சுப்போட்டு... என்ன? லோரன்ஸ், என்ன கிடக்கு அதிலை?

— நாலு மிஸ்கோல்.

— சித்தியே?

— இல்லை. ஒரே நம்பர், நாலு தரம். பதினொண்டு பத்து, பதினொண்டு இருபத்தைஞ்சு, பதினொண்டு நாப்பது, பன்ரண்டு. முன்னுக்கு எட்டு எட்டு ரெண்டு. சற்றலைட் போன்.

— ஐயோ! ஐயோ மாதாவே! அவள்தான்! அவளுக்கு இந்த வீட்டு நம்பர் மட்டும்தான் பாடம். எடுங்கோ! திருப்பி எடுங்கோ!

— கத்தாதை, குருவி வந்திட்டுது பார். நீ இதிலையே இரு. நான் அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போட்டு எடுக்கிறன்.

— நான் இதிலையே இருந்து செபமாலை சொல்லுறன். கிடைச்ச உடனை என்னைக் கூப்பிடுங்கோ. என்னட்டைத் தாங்கோ!

— ஓம், தாறன். இரு.

— ஹலோ? ஆர் கதைக்கிறது?

— ஹலோ, தம்பி! நான் டென்மார்க்கிலை இருந்து கதைக்கிறன். இந்த நம்பரிலை இருந்து எங்களுக்கு நாலு தரம்...

— டென்மார்க்கோ? விக்ரோரியா ரீச்சரின்ர அக்கா வீடோ?

— ஓம்! நான் அவவின்ர அத்தான், லோரன்ஸ். அவ பக்கத்திலை நிக்கிறாவே? குடுங்கோ தம்பி.

— ஏனண்ணை எடுக்கேல்லை?

— என்ன, தம்பி?

— ஏன் நீங்கள் எடுக்கேல்லை? ரெண்டு அடி அடிச்சுப்போட்டு வைச்சால் அக்கா உடனை திருப்பி எடுப்பா, அதுதான் எங்கடை வழக்கம் எண்டு ரீச்சர் சொன்னவ. நாலு தரம் அடிச்சவ.

— போன்... போன் கிட்ட இல்லை, தம்பி. நான் வேலை. அவ எங்கை?

— சனம் எல்லாம் மத்தியானம் பாலத்தைக் கடந்து ஆமியின்ர பக்கம் போக வெளிக்கிட்டிட்டுது. வாங்கோ ரீச்சர், இனி இஞ்சை நிண்டு என்ன எண்டு நானும் மனிசியும் கூப்பிட்டனாங்கள். அக்கா தன்னைக் கேளாமல் ஒரு அடியும் எடுத்து வைக்கவேண்டாம் எண்டு சொன்னவவாம். ஒருக்கால் கேட்டுப்போட்டு வாறன் எண்டு நிண்டிட்டா. உங்களுக்கு விளங்குதோ? இந்தப் போன் பங்கருக்கை எடுபடாது. வெட்டையிலை நிண்டால்தான் லைன் வரும்.

— ஓம்.

— வண்டிலுக்கு மேலை போனை வைச்சுப்போட்டு அதைப் பாத்துக்கொண்டு நிண்டவ. நாலாந் தரமும் அடிச்சுப்போட்டுச் சிரிச்சா. அக்கா குளிக்கிறா போலை கிடக்கு, இன்னும் கொஞ்சம் பாப்பம் எண்டா.

— பேந்து?

— பேந்து செல் வந்து விழுந்துது, அண்ணை.

— காயமோ? தம்பி, சொல்லும், காயமோ?

— காயம் எண்டால் காயம் எண்டு சொல்லியிருப்பன்.

— கடவுளே.

— பங்கருக்கையே வைச்சு மூடிப்போட்டம். நல்ல சீலை ஒண்டு மனிசி வைச்சிருந்தவ, அதாலை போத்தினனாங்கள். நாங்கள் சைவக்காரர் அண்ணை, உங்கடை செபம் ஒண்டும் தெரியேல்லை. கழுத்திலை கிடந்த குருசைக் கையிலை வைச்சுவிட்டம். வேற ஒண்டும் செய்யேலாமல் போச்சு.

— நீங்கள் செய்தது காணும், தம்பி. நல்லாய் இருப்பியள். உம்மடை பேர்?

— பேரை விடுங்கோ. இந்த இருட்டோடை நாங்களும் வெளிக்கிடுறம். போனைக் கடலுக்கை எறிஞ்சுபோட்டுத்தான் போவம். இனி இந்த நம்பருக்கு எடுக்காதையுங்கோ. அக்காவிட்டைப் பக்குவமாய்ச் சொல்லுங்கோ, நிண்டது ஏன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ. வைக்கிறன், அண்ணை.

— லோரன்ஸ்! கதவைத் திறவுங்கோ! என்னவாம்? ஏன் வேர்த்துக் கிடக்கு? அவளே?

— இல்லை.

— அவளில்லையே? அப்ப ஆர்?

— வேற ஆரோ சனம், செலின். அல்பர்ட்ஸ்லுண்டிலை இருக்கிற ஒரு பெடியனைத் தேடி அடிச்சவையாம். கடைசி இலக்கத்தைப் பிழையாய் எழுதி வைச்சிருந்திருக்கினம்.

— நாலு தரமுமே?

— பதட்டத்திலை அடிக்கிற சனம்தானே.

— விக்ரோரியாவைப் பற்றிக் கேக்கேல்லையே?

— கேட்டனான். தெரியாதாம். கனபேர் பாலத்தாலை வெளிக்கிட்டிட்டினமாம்.

— மாதா மேலை சத்தியமாய்ச் சொல்லுங்கோ.

— சத்தியம்.

— அப்பாடா! நான் செத்துப் பிழைச்சன், லோரன்ஸ். அவள் அடிச்சு நான் எடுக்காமல் விட்டிட்டன் எண்டால், பேந்து நான் உயிரோடை இருந்து என்ன? அழாதையுங்கோ, ஏன் நீங்கள் அழுறியள்? அதுதான் அவள் இல்லையே. வெளிக்கிட்டுட்டாள் போலை. போய்ச் சேந்த உடனை அடிப்பாள். இஞ்சேருங்கோ, இனி எனக்கு இந்த விளையாட்டு வேண்டாம். போனை யன்னலடியிலையே வைக்கிறன். குருவி வெருண்டு போனால் போகட்டும், குஞ்சு செத்தால் சாகட்டும். எனக்கு என்ர தங்கச்சிதான் வேணும். இந்தத் துவாயை எடுத்துப் போடுங்கோ.

— வேண்டாம், செலின். சுத்தி வாளிக்குள்ளையே வை.