முத்து வெள்ளை

பழைய டிரம் செட்டுக்குப் பெரிய எதிரி அதை அடிப்பவன் அல்ல, வெயில். டிரம்மைச் சுற்றி ஒட்டியிருக்கும் முத்து வெள்ளை உறை, வெளிச்சம் படப்படப் பழுத்துக் கடைசியில் டீக்கறை நிறத்துக்கு வந்துவிடும். அந்தப் பழுப்பைப் பார்த்து வயதைச் சொல்வதும், மேலும் பழுக்காமல் காப்பதும் என் தொழில்.

அண்ணன் கிளப்புகளில் டிரம் வாசித்தவர். நுரையீரல் கெட்டு, செட்டோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். செட்டையும் அவரையும் ஒரே அறையில் வைத்தேன். டிரம்மில் அடித்திருந்த கம்பெனி பேட்ஜைப் பார்த்ததுமே அறுபது வருடம் என்றேன். அறுபது வருடத்து உறை, துளி பழுப்பு இல்லை. இப்படி இன்னொன்று கிடையாது என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன்.

ஜன்னல் திறந்தே இருக்கட்டும், தினமும் ஆவி பிடிக்கட்டும் என்றார் டாக்டர். ஆவி பட்டால் உறையின் பசை விட்டுவிடும். ஆவி பிடிக்கும் மெஷினைப் பரணில் ஏற்றினேன். ஜன்னலுக்குப் பலகை அடித்துக் கறுப்புத் துணி போட்டேன். அண்ணனை அடுத்த அறைக்கு மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அது பட்டறை. தின்னர் வாடை அவருக்கு ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டாக்டர் பேச்சை நான் தட்டுகிறவன் அல்ல.

"மூச்சு முட்டுதுடா. அந்த ஜன்னல மட்டும் தொறந்து விடேன்" என்பார்.

"வெயில் விழும்ணே" என்பேன்.

மூன்றாவது மாதம் புதிதாக ஒன்று சொன்னார். "அது பழசே இல்லடா. பழைய உறை வெடிச்சுப் போச்சு. இங்க வர்றதுக்கு முன்னாடி நாந்தான் புதுசு ஒட்டினேன். கம்பெனி பேட்ஜக் கழட்டிப் பாரு, வெளிச்சமே படாத அடியிலயும் இதே வெள்ளதான்."

காரியம் ஆக வேண்டுமென்றால் அண்ணன் கூசாமல் பொய் சொல்வார். பேட்ஜின் ஆணியை ஒருமுறை அசைத்தாலே செட்டின் மதிப்பு போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்று அவருக்குச் சாப்பாடு வைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மதியம் கடைக்குப் போய்த் திரும்பினால், துணியைக் கிழித்து ஒரு பலகையையும் பெயர்த்திருந்தார். அந்த உடம்பில் அவ்வளவு தெம்பு எங்கிருந்து வந்ததோ. உதடு நீலம் பாரித்துத் தரையில் கிடந்தார். வெயில் நேராகப் பெரிய டிரம்மின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

இன்ஹேலர் என் கைக்கு எட்டும் தூரத்தில் அலமாரியில் இருந்தது. அதைக் காட்டிக் கையை ஆட்டினார்.

"இருண்ணே, இத முடிச்சிட்டு வர்றேன்" என்றேன்.

பலகையைத் திரும்ப அடித்தேன். துணியை இரண்டாக மடித்து ஆணி வைத்தேன். ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்று நின்று பார்த்தேன். அவசரமாகச் செய்கிற வேலை இல்லை அது, முக்கால் மணி நேரம் ஆனது. பாதியிலேயே அண்ணனின் சத்தம் நின்றுவிட்டது. அது என் காதில் விழுந்தது. நான் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்து பேட்ஜைக் கழற்றினேன். அடியில் இருந்த வெள்ளைக்கும் வெளியே இருந்த வெள்ளைக்கும் நூலளவும் வித்தியாசம் இல்லை. ஓரத்துப் பசை இன்னும் விரலில் ஒட்டியது. நீங்கள் இதற்கு வேறு காரணம் சொல்வீர்கள். இருட்டு அறையில் நான் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும், சொல்லுங்கள்.