சிவப்பு நாடா சுற்றிய மட்டை

மணிக்கட்டைப் பற்றி எல்லோரும் தப்பாகத்தான் நினைக்கிறார்கள். கோல்ஃப் மட்டையைக் கீழே இறக்கும்போது மணிக்கட்டை வெட்டி அடித்தால் பந்து தூரம் போகும் என்பார்கள். போகாது. மட்டையை மேலே தூக்கியதும் முன்கைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு மடிப்பு விழும். கை தொடையருகே வரும்வரை அந்த மடிப்பைக் காப்பாற்ற வேண்டும். பிறகு மட்டைத் தலை தன் எடையிலேயே மடிப்பைத் திறந்துகொண்டு பாயும். முன்கூட்டியே திறந்துவிட்டால் வேகமெல்லாம் காற்றோடு போய்விடும்.

இதை ஆறு வருடம் பயிற்சி மைதானத்தில் சொல்லிக்கொடுத்தேன். பொறியியல் படித்தவன்; கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன்.

ஐயா, நீங்கள் இதைக் கேட்கவில்லை. ஆனால் இது புரியாவிட்டால், நீங்கள் பிடித்துவைத்திருக்கும் பசை அண்ணன் குற்றவாளி இல்லை என்பதும் புரியாது.

மட்டை பழுதுபார்ப்பவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கழன்ற தலையைப் பசை போட்டுத் தண்டில் பொருத்துவார். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். அதுவரை யாரும் தொடாமலிருக்கப் பிடியில் சிவப்பு நாடா சுற்றிவைப்பார். "நாடாவப் பிரிக்கிற கைய அதே பசையில ஒட்டிடுவேன்" என்பார். அன்றைக்கு நாடா சுற்ற மறந்துவிட்டார் என்பதுதான் அவர்மேல் வழக்கு. அவர் மறக்கவில்லை.

என் மனைவி மைதானத்தின் வரவேற்பறையில் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம்தான் மட்டை பிடிக்கக் கற்றாள். ஒரு வருடத்தில் கை வந்துவிட்டது. என் படங்கள் ஒன்றும் அவளுக்குப் புரியாது. மடிப்பு மட்டும் அவள் கையில் அப்படியே நிற்கும். ஒருநாள் என் வீச்சைக் கைபேசியில் எடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, உங்களுக்கு மடிப்பு தோள்கிட்டயே தொறந்துடுதே."

"வெளிச்சம் சரியில்ல. அப்படித் தெரியுது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தாள். மாணவர்களிடமும் காட்டினாள். "உங்க வாத்தியாரு ஊருக்குத்தான் உபதேசம்." எல்லோரும் சிரித்தார்கள். அவள் என் தோளில் கை போட்டுக்கொண்டுதான் சிரித்தாள். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை.

அடுத்த மாதம் மேலாளர் என் காலை வகுப்பை அவளுக்குக் கொடுக்க வந்தார். "அவரு வகுப்பு அவருகிட்டயே இருக்கட்டும் சார், பாவம்" என்றாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அந்தப் 'பாவம்' எனக்குச் செரிக்கவில்லை.

சம்பவத்தன்று மதிய இடைவேளை. மைதானம் காலி. "வாங்க, ரெண்டு பேருமாச் சரி பண்ணிடலாம். யாருக்கும் தெரிய வேணாம்" என்றாள். பசை அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். பட்டறையில் பதினைந்து மட்டைகள் சாய்த்துவைக்கப்பட்டிருந்தன. காலையில் ஒட்டியதை எடுத்தேன். நாடாவைப் பிரித்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

எப்போதும் அவள் என் நெஞ்சுக்கு எதிரே நின்றுதான் படமெடுப்பாள். அன்று, "பந்து வெக்கல, சும்மாதான் வீசப்போறேன். பந்து போற பக்கமா முன்னாடி நின்னு எடு. படத்துல மணிக்கட்டு நல்லா விழும்" என்றேன்.

"ஆமா, பந்து இல்லன்னா என்ன பயம்?" என்று பத்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்தாள். எங்கள் மைதானத்தில் எல்லோருக்கும் உள்ள பழக்கம் இது. பந்துக்குப் பயப்படுவார்கள். மட்டைக்குப் பயப்படமாட்டார்கள்.

என் மடிப்பு எப்படியும் முன்கூட்டியே திறந்துவிடும், அந்த வேகத்துக்குப் பாதி காய்ந்த பசையே தாங்கும், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நாற்பது நாளாக, அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, படுக்கையறைக் கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன். பத்தாம் நாளிலிருந்தே மடிப்பு நின்றது. சரியாகிவிட்டது என்று அவளிடம் சொல்லவில்லை. மடிப்பு தாமதமாகத் திறந்தால் மட்டைத் தலைமேல் விழும் இழுப்பு எவ்வளவு, தலை கழன்றால் எந்தப் பக்கம் போகும் என்பதையெல்லாம் காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தேன். அன்று கழன்ற தலை அந்தப் பக்கமே போய் அவள் நெற்றியில் பட்டது.

மாமனார் வந்து என் வலது கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மாப்ள, உங்க மேல என்ன தப்பு? அந்தப் பசைக்காரனச் சும்மா விடக் கூடாது." அவரே விடுகிறவரை கையை எடுக்கவில்லை. அவர்தான் புகார் கொடுத்தார். நேற்று பசை அண்ணனின் மனைவி வீட்டுக்கு வந்தாள். "தம்பி, அவரு நாடா சுத்தியிருந்தாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்." குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. அவள் போன பிறகும் அந்தத் தம்ளரை என்னால் கழுவிக் கவிழ்க்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

நாடா உங்கள் மேசைமேல் இருக்கிறது. அவரை அனுப்பிவிடுங்கள். கொன்றவன் நான்தான்.

அவள் கைபேசி உங்களிடம்தானே இருக்கிறது. மட்டை கீழே வரும்போது அவள் குரல் கேட்கும். "மடிப்ப விடாதீங்க... விடாதீங்க..."

நான் விடவில்லை. அவள் சொன்னபடிதான் செய்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.