கண்ணாடிக் கதவின் வழியே உள்ளே வந்தவர் குறித்து

என் பெயர் கனகேஸ்வரி. தகப்பனார் பெயர் கந்தப்பு, காலமாகிவிட்டார். எனக்கு வயது நாற்பத்தாறு, திருமணமாகவில்லை. ஜார்ஜ்டவுன் துறைமுகத்துக்கு அருகில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தராக வேலை செய்கிறேன். பர்மா ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில், தகப்பனார் விட்டுச்சென்ற வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். யாரும் அழைக்காமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, தமிழில் சொல்ல அனுமதி கேட்டு, 1988ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கடந்த சனிக்கிழமை மாலை என் வீட்டில் நடந்ததைத் தெரிவிக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் பின் தாழ்வாரத்துக்கும் இடையில் பழைய மடிப்புக் கதவு ஒன்று இருந்தது. மரக்கதவு. நானும் என் தம்பி ஆனந்தராஜாவும் வளர்ந்த காலத்தில் அதைப் பகலில் யாரும் சாத்தியதில்லை. தம்பி முன்வாசல் வழியாக வருகிற வழக்கமே கிடையாது. பின் சந்து வழியாக வந்து, சைக்கிளை ரம்புத்தான் மரத்தில் சாய்த்துவிட்டு, தோட்டத்தைக் கடந்து நேராகக் கூடத்துக்குள் நடந்து வருவான். 1977இல் ஷரீஃபா என்ற பெண்ணை மணப்பதற்காக அவன் மதம் மாறினான். தகப்பனார் அதை ஏற்கவில்லை. அவன் வீட்டை விட்டுப் போன அன்று தகப்பனார் அந்தக் கதவை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டார். அதன் பிறகு அவர் உயிரோடு இருந்தவரை அது திறக்கப்படவில்லை. கூடத்தில் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

தகப்பனார் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். தம்பி எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாததால் அவனுக்கு என்னால் தகவல் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு இந்த ஆண்டு மழை தொடங்கியபோது ஒருநாள் கதவைத் திறக்க நினைத்துத் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தேன். தாழ்ப்பாள் மரத்தோடு கையில் வந்துவிட்டது. உள்ளே முழுவதும் செல் அரித்திருந்தது. அதன் பிறகு சூலியா தெருவில் உள்ள கண்ணாடிக் கடைக்குச் சென்று விசாரித்தேன். அவர்கள் சுலைமான் என்பவரை அளவெடுக்க அனுப்பினார்கள். மரக்கதவே போடலாம், பாதி மரமும் பாதிக் கண்ணாடியுமாகவும் போடலாம் என்று அவர் சொன்னார். முழுவதும் கண்ணாடியாக இருக்கட்டும், பின்பக்கத்திலிருந்து யார் வந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னேன். திருடனுக்குப் பயந்து சொல்கிறேன் என்று அவர் நினைத்திருக்கலாம்.

சனிக்கிழமை காலையில் சுலைமான் இன்னொரு ஆளுடன் லாரியில் வந்தார். முதலில் பழைய கதவைக் கழற்றினார்கள். நிலையைப் பெயர்த்தபோது செல் தின்ற மரம் மாவாகக் கொட்டியது. அதன் பிறகு சுவரின் ஓரங்களைச் சிமெண்டால் சரிசெய்து, அலுமினியச் சட்டத்தை வைத்து, ரசமட்டம் பிடித்துப் பார்த்தார்கள். தரை ஒரு பக்கம் இறங்கியிருப்பதாகச் சொல்லி, அந்தப் பக்கம் தகடு கொடுத்து உயர்த்தினார்கள். பிறகு ஒரு கண்ணாடியை அசையாமல் பொருத்தி, இன்னொன்றைத் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். சுலைமான் என்னைக் கூப்பிட்டுத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். ஒரு விரலால் தள்ளினேன். சத்தமே இல்லாமல் போனது. அவர் சுண்ணாம்பைக் குழைத்து இரண்டு கண்ணாடிகளிலும் பெரிய பெருக்கல் குறி போட்டார்.

“அக்கா, இத ஒரு வாரத்துக்கு அழிச்சிடாதீங்கலா. கண்ணு பழகணும். இல்லாட்டி நீங்களே போய் முட்டிக்குவீங்க” என்று சொன்னார்.

சரி என்று சொன்னேன். அவர்கள் மதியத்துக்கு மேல் போய்விட்டார்கள். கண்ணாடியிலோ பொருத்தியதிலோ எந்தக் குறையும் இல்லை.

அதன் பிறகு மழை பெய்து ஓய்ந்தது. வெயில் திரும்பி வந்தபோது தோட்டம் முழுவதும் கூடத்துக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. ரம்புத்தான் இலைகளின் நிழல் தரையில் ஆடியது. தகப்பனாரின் சாய்வு நாற்காலி மேலும், சுவரில் இருந்த படங்கள் மேலும் பச்சை வெளிச்சம் படிந்தது. இத்தனை ஆண்டுகள் அந்தக் கூடத்தில் இருந்தும் அதன் சுவர்கள் நீல நிறம் என்பது அன்றுதான் மறுபடி கண்ணில் பட்டது. பெருக்கல் குறிகள் அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே நின்றன. ஈரத்துணியால் இரண்டையும் துடைத்துவிட்டேன். சுலைமான் சொல்லியும் நான்தான் துடைத்தேன் என்பது பதிவாக வேண்டும். துடைத்த பிறகு அங்கே கண்ணாடி இருப்பதே தெரியவில்லை.

ஏழு மணி சுமாருக்குக் கூடத்து விளக்கைப் போட்டுவிட்டுத் தோட்டத்தைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கண் அயர்ந்திருக்க வேண்டும். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கின் பிம்பம் ரம்புத்தான் மரத்தின் நடுவில் ஒரு பழம்போல் தொங்கியது. என் பிம்பமும் தோட்டத்துப் புல் மேல் உட்கார்ந்திருந்தது. அப்போது பின் சந்துப் படலைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். மரத்தடியில் சற்று நின்றார். அதன் பிறகு ஈரப்புல்லில் நேராக என்னை நோக்கி நடந்து வந்தார். நடையைப் பார்த்ததுமே அது என் தம்பி என்று தெரிந்துகொண்டேன்.

இந்தக் காட்சியை நான் பலமுறை கனவில் கண்டிருக்கிறேன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கனவில் அவன் இதே மாதிரி மரத்தடியில் நின்று, இதே மாதிரி நடந்து வருவான். நான் மகிழ்ந்து எழுந்திருப்பேன். எழுந்தவுடன் தோட்டத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆகையால் சனிக்கிழமையும் கனவுதான் என்று நினைத்து, இந்த முறை எழுந்திருக்கக் கூடாது என்று நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அவன் தாழ்வாரத்தில் ஏறினான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். அவன் முகம் என் பிம்பத்துக்குள் வந்தது. தலைமுடி நரைத்திருந்தது. கனவில் அவனுக்கு ஒருபோதும் நரைத்ததில்லை. அதைப் பார்த்த பிறகுதான் இது கனவில்லை என்று எனக்கு உறைத்தது. நான் எழுவதற்குள் அவன் கடைசி அடியை எடுத்து வைத்துவிட்டான்.

கண்ணாடி பெரிய துண்டுகளாக உடைந்து விழுந்தது. அவனுக்கு நெற்றியிலும் இடது கையிலும் வெட்டுப்பட்டது. நான் என் சேலைத் தலைப்பால் கையை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சத்தம் கேட்ட பக்கத்து வீட்டு அம்மாள் காவல்துறைக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு இரண்டு காவலர்கள் வந்து, இந்த ஆளை எனக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. நான் பயத்தில் பேசாமல் இருப்பதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவனுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். அதில் அமீன் பின் அப்துல்லா என்ற பெயரும் சுங்கைப் பட்டாணி முகவரியும் இருந்தன. இங்கே எதற்கு வந்தாய் என்று அவனைக் கேட்டார்கள். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

“சாலா ரூமா, துவான்” என்றான். வீடு மாறி வந்துவிட்டதாகச் சொன்னான்.

அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அன்றைய அறிக்கையில், வீட்டாருக்குத் தெரியாத நபர் கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்ததாக எழுதியிருப்பதை இன்று இங்கே அறிந்தேன்.

மறுநாள் காலை சுலைமானுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் பலகையுடன் வந்து, உடைந்த இடத்தைப் பார்த்து முகம் மாறி நின்றார். குறி போட்டதை முதலாளி நம்ப மாட்டார், தன் வேலை போய்விடும் என்று கவலைப்பட்டார். குறியை அழித்தது நான்தான், அதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றேன். வந்தவர் யார் என்பதையும் அவரிடம் சொன்னேன். அவன் என் தம்பி என்று நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். “ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா, கதவ நான் பாத்துக்கறேன்” என்று சொல்லி, அவரே வெளியே போய் எனக்கு டாக்சி பிடித்துக் கொடுத்தார்.

மருத்துவமனையில் கட்டிலருகே ஒரு காவலரும் ஒரு பெண்மணியும் இருந்தார்கள். பெண்மணி தன் பெயர் ஷரீஃபா என்று சொல்லி, எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். தகப்பனார் இறந்த செய்தி சென்ற மாதம்தான் யாரோ சொல்லித் தெரிந்ததாகவும், போய் அக்காவைப் பாருங்கள் என்று தினமும் வற்புறுத்தித் தான்தான் அவரை அனுப்பியதாகவும் சொன்னார். தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பினான். நாங்கள் வீட்டில் பேசுகிறபடியே பேசினான்.

“நீ என்னைக் கண்டனிதானே அக்கா. ஏன் எழும்பேல்லை?”

“எழும்பினா நீ போயிடுவாய் எண்டு நினைச்சன்” என்றேன்.

அவன் கட்டுப் போடாத கையால் கண்ணை மூடிக்கொண்டான். ஷரீஃபா ஜன்னல் பக்கம் போய் நின்றார். காவலர், ஒரு மலாய்க்கார இளைஞர், எங்கள் பேச்சு புரியாவிட்டாலும் எழுந்து வெளியே போய்க் கதவருகில் உட்கார்ந்துகொண்டார். தம்பி பிறகு ரம்புத்தான் இன்னும் காய்க்கிறதா என்று கேட்டான். காய்க்கிறது என்று சொன்னேன். பிறகு அவன் தூங்கிவிட்டான். விசாரணை முடியும்வரை அவன் காவலில்தான் இருக்க வேண்டும் என்று வெளியே காவலர் சொன்னார். அதைக் கேட்டு அங்கிருந்து வீட்டுக்குப் போய்விட்டு, இன்று இங்கே வந்திருக்கிறேன்.

ஆகவே நான் தெரிவிப்பது: அடையாள அட்டையில் அமீன் என்று உள்ளவனும் கந்தப்புவின் மகன் ஆனந்தராஜாவும் ஒருவனே. அவன் என் உடன்பிறந்த தம்பி. அவன் வீட்டை உடைத்துப் புகவில்லை, வீட்டுக்கு வந்தான். வீடு மாறி வரவும் இல்லை. அவன் மேல் எனக்குப் புகார் கிடையாது. சுலைமான் மேலும் கிடையாது. முதல் அறிக்கையில் ‘தெரியாத நபர்’ என்று எழுதியிருப்பதை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. தம்பியின் சட்டையை மருத்துவமனையில் வெட்டி எடுத்துவிட்டார்கள். அவனை விடுவிக்கும்போது போட்டுக்கொள்ளச் சட்டை இல்லை. வீட்டில் ஆண் உடுப்பு என்று இருப்பவை தகப்பனாருடையவை மட்டுமே. அவற்றில் வெள்ளைச் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டுக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். அதை அவனுக்கு நானே போட்டுவிட அனுமதிக்க வேண்டும்.

எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் செய்ததும் இவையே. இதில் கூட்டியதும் மறைத்ததும் எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
க. கனகேஸ்வரி