காஜா மெஷினுக்குப் பின்னாடி

— ஏணியை அப்புறம் போடலாம் தம்பி. முதல்ல உட்காரு.

— கேமரா மேல துணியைப் போட்டு மூடி வச்சிருக்கீங்க. ரிப்பேர் என்னன்னு எப்படிக்கா பார்க்கறது?

— ஊரே பார்த்தாச்சு. நீ வேற தனியா பார்க்கணுமா?

— என்னக்கா... வந்ததும் வராததுமா இப்படிப் பேசுறீங்க?

— நம்ம தையல் கடையில காஜா போடுற பொண்ணு நாலு நாளா வேலைக்கு வரல. அந்த மெஷினுக்குப் பின்னாடி உட்கார்ந்துதான் பிள்ளைக்குப் பால் கொடுப்பா. அந்த வீடியோ அவ புருஷன் போனுக்கே வந்திருக்கு.

— ஐயோ... யாரு அனுப்பினது?

— தெரிஞ்சா உன்னை ஏன் கூப்பிடுறேன்? கடையில எவன் முன்னாடி உட்கார்ந்திருந்தன்னு கேட்டானாம். அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டான்.

— நான் வாசலைப் பார்த்துத்தான் மாட்டினேன். மூலைப் பக்கம் திருப்பச் சொன்னது...

— நான்தான். லைனிங் துணி குறையுதுன்னு அவ மேல சந்தேகம். "அது ஓடுதாக்கா?"ன்னு கேட்டா. சும்மா பயம் காட்ட மாட்டினதுன்னு சொன்னேன்.

— அக்கா...

— என் பாவம் என்னோட. நீ சொல்லு. "உங்க போன்ல மட்டும்தான் தெரியும்"னு சொன்னியே?

— பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க யாரு வேணா...

— எனக்கே தெரியாதே அது.

— பெட்டியில வர்ற நம்பரையே விட்டுட்டேன்க்கா. அது எல்லாப் பெட்டிக்கும் ஒண்ணுதான், தேடுறவனுக்குக் கிடைச்சிடும். மாத்திக் கொடுத்தா மறந்துட்டு நேரங்காலம் இல்லாம எனக்குத்தான் போன் போடுறாங்க...

— பூட்டைப் போட்டுட்டு சாவியை அதுலயே தொங்க விட்டுட்டுப் போயிருக்க.

— இப்படி ஆகும்னு யாருக்குக்கா தெரியும்?

— எத்தனை இடத்துல மாட்டியிருக்க?

— அறுபது... எழுபது இருக்கும்.

— எல்லாத்துக்கும் அதே நம்பரா?

— ம்.

— உன் வீட்டுலயும் மாட்டியிருக்கியே. பிள்ளை தூங்குற ரூம்ல. அன்னைக்குப் போன்ல காட்டினியே...

— ஆமாக்கா.

— அப்ப ஏன் இன்னும் உட்கார்ந்திருக்க? என் கடை கெட்டது கெட்டுப்போச்சு. ஓடிப்போய் முதல்ல அதை மாத்துப்பா. பச்சப்பிள்ளை இருக்கிற வீடு.

— அது பரவாயில்லக்கா...

— கிளம்புன்னு சொல்றேன்ல.

— அது... போன மாசம் ஒரு நாள் யாரும் தொடாமலே அந்தக் கேமரா தானா திரும்பிச்சுக்கா. அன்னைக்கே என் வீட்டு நம்பரை மட்டும் மாத்திட்டேன்.