அரை மணிக்கு ஒருக்கா கிளறணும்

...ஆள் பாத்து வேலை செய்யுது தம்பி, இந்த ஃபிரிட்ஜு! நான் தூங்கறப்ப ஓடும், நான் முழிச்சா படுத்துக்கும். சத்தியமா! காலையில எந்திரிச்சுப் பாத்தா ஐஸ்கிரீம் ஓரத்துல லேசா கட்டி தட்டி நிக்குது. அப்பாடான்னு கிளற உக்காருவேன். மத்தியானத்துக்குள்ள... இந்தா, நீங்களே பாருங்க. டப்பாவை இப்படிச் சாய்ச்சா இந்தப் பக்கம் ஓடுது, அப்படிச் சாய்ச்சா அந்தப் பக்கம் ஓடுது. ஐஸ்கிரீம்னா ஒரு இடத்துல நிக்க வேண்டாமா?

கதவை மூடாதீங்க, இருங்க, ரிப்பேரை அப்புறம் பாக்கலாம், நான் இன்னும் காட்டி முடிக்கல.

கடையில வாங்கிக்கலாமேன்னுதானே பாக்கறீங்க? எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னாரு. பேப்பரை விட்டு தலையைத் தூக்காமலே சொன்னாரு. கடையில கிடைக்கும்னு எனக்குத் தெரியாதா? ஆனா அவ கேட்டது கடை ஐஸ்கிரீம் இல்லையே! அவன்னா... என் மருமக. அந்த ரூம்ல படுத்திருக்கா. தொண்டையில ஆபரேஷன். வாயைத் தொறந்து பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்த வீட்டுல அதைச் சொல்ல வேண்டிய ஆள் வேற ஒருத்தர் இருக்காங்கன்னு என் பையன் சொல்றான். பெத்த பிள்ளை பேசற பேச்சா இது?

அவளுக்கு அது ஒண்ணும் கஷ்டமே இல்ல தம்பி. ஆபரேஷனுக்கு முன்னாடியும் அப்படித்தான். சாப்பிடறியாம்மான்னா, சரி அத்தை. தூங்கறியாம்மான்னா, சரி அத்தை. வந்த நாள்லேர்ந்து எனக்கு இது வேணும்னு வாய் தொறந்து ஒண்ணு கேட்டதில்ல. புடவை எடுக்கப் போனா, நீங்களே பாருங்க அத்தைம்பா. மரியாதைதான், இல்லேங்கல. ஆனா விருந்தாளி கிட்டத்தான் மரியாதை நல்லா இருக்கும். வீட்டுப் பொண்ணுன்னா எதையாவது கேக்கணும், கொஞ்சம் சண்டையாவது போடணும், இல்லையா? நான் என்ன ஹோட்டலா நடத்தறேன்?

அப்படிப்பட்டவ, ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் செல்போன்ல எழுதிக் காட்டறா. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் படிக்கறேன். ‘அத்தை, உங்க கையால செஞ்ச ஐஸ்கிரீம் வேணும்.’

எனக்கு ஒரு நிமிஷம் கையும் ஓடல, காலும் ஓடல.

ஏன்னா தம்பி... கொஞ்சம் கிட்ட வாங்க. அவ கேட்டது என் வாயாலதான் வந்த வினை. என் பையன் சின்னவனா இருந்தப்ப நான் செஞ்ச ஐஸ்கிரீமுக்குத் தெருவே வரிசையில நின்னுச்சுன்னு அவகிட்ட அளந்து வச்சிருக்கேன். செஞ்சது நெஜந்தான். ஆனா மிஷின் என் நாத்தனாரோடது. கைப்பிடியைச் சுத்தினா ஐஸ்கிரீம் வரும். அதை நான் சொல்லல. சொல்லணும்னு தோணல. இப்ப அந்த மகராசிகிட்ட கேட்டா, ‘அண்ணி, மிஷின் ரிப்பேரு’ங்கறா. போன மாசந்தான் அவ வீட்டுல சாப்பிட்டுட்டு வந்தேன்! கட்டியா இருந்துச்சு. ஸ்பூன் வளைஞ்சுச்சு.

என்ன? ஃபிரிட்ஜுல கேஸ் தீந்து போயிருக்குமா? நீங்க பாக்கறதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டா நல்லா இருக்காது. பாருங்க, பாருங்க. ஸ்க்ரூடிரைவரை வாயில வச்சுக்கிட்டு தலையாட்டினா எனக்கு எப்படிப் புரியும்?

சரி, மிஷின் இல்லாம எப்படிச் செய்யறதுன்னு வீடியோ பாத்தேன். ஒரு பொண்ணு சொல்லுது, பெரிய பையில ஐஸையும் உப்பையும் போட்டு, சின்னப் பையில பாலை ஊத்தி உள்ள வச்சு, குலுக்கு குலுக்குன்னு குலுக்கணுமாம். எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்தேன். சும்மாதானே உக்காந்திருக்காரு. பேப்பர் படிச்சுக்கிட்டே குலுக்கினாரு. சின்னப் பை கிழிஞ்சது அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. வாயில வச்சா கடல் தண்ணி! அதையும் அந்த மனுஷன் பாதி சாப்பிட்டுட்டு, ‘என்னமோ குறையுது’ங்கறாரு.

அப்புறந்தான் இந்த வழி. பாலைச் சுண்டக் காச்சி, சக்கரை போட்டு, ஆற வச்சு, கிரீமை அடிச்சுச் சேத்து, டப்பாவுல ஊத்தி உள்ள வைக்கணும். அரை மணிக்கு ஒருக்கா வெளிய எடுத்து முள்கரண்டியால கிளறணும். கிளறலேன்னா ஐஸு ஐஸா முள்ளு விட்டுடுமாம். எல்லாம் அப்படியே செஞ்சேன். ஒண்ணையும் விடல. நான் சொல்றேன், ஃபிரிட்ஜுதான் போச்சு.

என்ன பாக்கறீங்க? அந்த ஸ்டூலா?

அது நான் உக்கார்றதுக்கு. மேல கிடக்கறது தலையாணி. அரை மணிக்கு ஒருக்கா ஹால்லேர்ந்து எந்திரிச்சு வர்றதும், கிளறறதும், திரும்பப் போறதும்... என் முட்டி என்ன இரும்பா? அதான் இங்கயே உக்காந்துட்டேன். தங்கச்சிக்கு போன் போட்டுப் பேசிக்கிட்டே கிளறிடலாம், பாருங்க.

கதவா? தொறந்துதான். அடிக்கடி தொறந்து மூடினா ஃபிரிட்ஜு கெட்டுடும்னு சொல்லுவாங்களே, அதான் மூடறதே இல்ல. ஒரே தடவை தொறக்கறது, ராத்திரி ஒரே தடவை மூடறது. வெயிலுக்கு முட்டிக்கும் ஜில்லுன்னு இருக்கு.

ஏன் தம்பி நெத்தியைப் பிடிச்சுக்கறீங்க? தலைவலியா? மாத்திரை தரட்டுமா?

ஃபிரீசருக்கா? ஆமா, சின்னக் கதவு ஒண்ணு இருந்துச்சு. கழட்டிட்டேன். பெரிய கதவைத் தொறந்து, அப்புறம் சின்னக் கதவைத் தொறந்து... ஒரு டப்பாவை எடுக்க எத்தனை கதவு! எங்கயும் போகல, இருக்கு. ஜன்னல்ல பூந்தொட்டிக்கு அடியில. அளவெடுத்த மாதிரி உக்காந்துடுச்சு, ஒரு சொட்டுத் தண்ணி கீழ வழியறதில்ல. பாத்து எடுங்க, மண்ணு... அட, கழுவி வேற மாட்டறீங்களா!

அவ்வளவுதானா? வேற பார்ட்டு ஒண்ணும் மாத்த வேண்டாமா? மூடி வச்சிருந்தா போதுமா? அட, இதை வந்ததுமே சொல்லியிருக்கலாமே தம்பி! வாயைத் தொறந்தீங்களா நீங்க?

சரி, கிளற மட்டும் தொறக்கணும், டக்குன்னு மூடணும். அதுவரைக்கும் நான் எங்க போய் உக்கார்றது? எங்க வீட்டுக்காரர் பக்கத்துலயா? அவருகிட்ட பேசறதுக்கு இந்த ஃபிரிட்ஜே தேவலை. இதாவது நடுவுல ‘உம்’முங்கும்.

ஐயையோ, நீ ஏம்மா எந்திரிச்சு வந்தே? படுத்துக்கோன்னா கேக்கறியா... தம்பி, இவதான். ஏம்மா, அந்த ஸ்டூலை எதுக்குத் தூக்கறே? கனமில்லதான், அதுக்காக? எங்க எடுத்துக்கிட்டுப் போறே? உன் கட்டிலுக்குப் பக்கத்துலயா? தலையாணியைத் தட்டித் தட்டிக் காட்டறா பாருங்க தம்பி. நான் அங்க வந்து உக்காரணுமாம்.

தம்பி?... டூல்ஸ் பையையும் காணோம், ஆளையும் காணோம். ஃபிரிட்ஜு கதவை மட்டும் நல்லா அழுத்திச் சாத்திட்டுப் போயிருக்காரு.

வரேன், வரேன், கையைப் பிடிச்சு இழுக்காதே. என்ன எழுதறே? இரு, கண்ணாடி... ‘நாத்தனார் மிஷின் கதையை முதல்லேர்ந்து சொல்லுங்க.’

எந்த மிஷின்?

...கேட்டுச்சா? இந்த ரூமுக்கு அங்க பேசறதெல்லாம் கேக்குமா? தங்கச்சிகிட்ட போன்ல பேசினதுமா? எல்லாமேவா? ஹோட்டலா நடத்தறேன்னு கேட்டது கூடவா?

மறுபடியும் என்ன எழுதறே? ‘ரெண்டாவதா ஒண்ணு வேணும். கடல் தண்ணி ஐஸ்கிரீம் மாமாவுக்கு இன்னொரு தடவை.’

அடிப்பாவி! சிரிக்காதேம்மா. தொண்டையில தையல் போட்டிருக்கு, சிரிக்காதேன்னு சொல்றேன்ல!