ஆறாம் ரூம்ல யாரு

கிட்ட வந்து உக்காருங்க தம்பி. இன்னுங்கொஞ்சம். நம்ம பட்டாசுக் கம்பெனியில புடிச்ச தீயப் பத்தி வெளியாள்ட்ட மூச்சு விடக்கூடாதுன்னு முதலாளி உத்தரவு. அந்தப் பெரிய காகிதத்தையும் மடிச்சு வைங்க. உங்களுக்கு முந்தி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த காளீஸ்வரன் தம்பியும் இப்படித்தான் கோடும் கட்டமுமா செவுத்துல ஒட்டுனாரு. கெட்டிக்காரரு, குத்தஞ் சொல்லக்கூடாது.

முதலாளி அவருட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. எந்த ரூம்ல யாரு இருக்கா? அம்புட்டுதான். அது எங்களுக்கு முன்னயே தெரியுமே. எப்படியா? பட்டாசு மருந்து ரூமுக்குள்ள செருப்புப் போட்டுப் போகக்கூடாதுல்லா, வாசல்ல களட்டிருவோம். நாலு சோடி கெடந்தா நாலு பேரு. வாரு அறுந்தது சின்னத்தாயிது, நீலம் பத்திரகாளிது. எட்டத்துல இருந்தே சொல்லிருவோம். சிரிக்காதீக.

காளீஸ்வரன் தம்பியும் சிரிச்சாரு. பஞ்சம்மாக்கா, செருப்ப வச்சா கம்பெனி நடத்துவீகன்னு கேட்டாரு. அம்புட்டுச் செருப்பும் மெயின் கேட் பக்கத்து அடுக்குக்குப் போயிருச்சு. ரூமு மட்டும் போதாதுன்னு ஆர்டரு, லோடு, லீவு, வேன் வார நேரம், எல்லாத்தையும் ஒண்ணாக் கோத்தாரு. ஒரு ஆள ரூம் மாத்துனா கம்ப்யூட்டர்ல ஏழு பக்கம் நெரப்பணுமாம். இங்கன மருந்து தீந்தா அங்கன, நாங்க நாளைக்குப் பத்துத் தடவ மாறுவோம். ஆபீஸ் பிள்ள ஓவியா என்ன செய்வா? சாயங்காலம் மொத்தமா ஏத்திக்கிடுவா.

ரெண்டாயிரத்து நாலு, கோயில் சித்திரைப் பொங்கல் முடிஞ்ச வாரம். அஞ்சாம் ரூம்ல தீப் புடிச்சிருச்சு. ஆளுக எல்லாம் தப்பிச்சு வேலிக்கு வந்துட்டோம். பக்கத்து ஆறாம் ரூமும் காலி. அங்கன இருந்த என்னையக் காலையிலயே காய வைக்கிற மேடைக்கு அனுப்பிட்டாக. கம்ப்யூட்டருக்கு மட்டும் அது தெரியாது.

தண்ணி வேண்டாம் தம்பி. என் மக ரோஜா இப்ப அந்த வரிசையிலதான் வேல பாக்கா. நீங்க எம்புட்டு வேணாலும் படிச்சிருங்க, மொதல்ல யாரு எங்க இருக்கான்னு மட்டும் செய்ங்க. ஓவியா ஒரே ஒரு தட்டுத் தட்டி ரூம மாத்திரணும். மத்ததப் பெறவு பாப்போம்.

காளீஸ்வரன் தம்பியா? ஆபீஸ்லயே இருந்திருந்தா உசுரு தப்பிச்சிருப்பாரு. கம்ப்யூட்டர்ல நான் ஆறாம் ரூம்லன்னு இருக்கதப் பாத்துட்டு ஓடியாந்தாரு. நான் வேலிக்கிட்ட நின்னு கத்துதேன், அந்த வெடிச்சத்தத்துல யாருக்குக் கேக்கும்? பஞ்சம்மாக்கா, வெளிய வாங்கக்கான்னு கூப்பிட்டுக்கிட்டே ஆறாம் ரூமுக்குள்ள போயிட்டாரு.