வாய்க்காலை மண்பாதை என்று பதிந்தது பற்றி

கயல்விழி, வயது 27, த/பெ சாரங்கபாணி, கதவு எண் 3/41, மேலத்தெரு, அன்னத்திடல் கிராமம், திருவையாறு வட்டம். 24.06.2025 காலை 11 மணிக்குக் காவல் நிலையத்தில் நானாக ஆஜராகித் தலைமைக் காவலர் இசைவாணி முன்பு சொல்வது.

நான் மேற்படி முகவரியில் வசிக்கிறேன். எம்.ஏ. படித்திருக்கிறேன். எதில் என்று சொன்னேன். அது தேவையில்லை என்றார் தலைமைக் காவலர். இரண்டு வருடமாக எனக்கும் அதே கருத்துதான்.

சென்னையிலுள்ள காலக்கலம் என்ற விளையாட்டு நிறுவனத்தில் கடந்த மார்ச் மாதம் இட அளவையாளராகச் சேர்ந்தேன். ஆட்டக்காரர்கள் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியில் நடப்பார்கள். இருக்கிற இடத்தின் மேல் இல்லாத இடம் தெரியும். எங்கள் ஊர் வயல் முழுவதும் சோழர் காலத்துக் கடலாகத் தெரிய வேண்டும், நடுவில் கருங்கல் பாவிய ராஜபாட்டை ஒன்று போக வேண்டும் என்று திட்ட மேலாளர் சதீஷ் சொன்னார். கடல் இங்கிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டேன். அதற்கு அவர், "யார் பாக்கப் போறா?" என்றார்.

அதன் பிறகு ஏப்ரல் 9 முதல் 14 வரை கேமரா பொருத்திய கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து ஊரை அளந்தேன். ராஜபாட்டைக்கு அன்னத்திடல் வாய்க்காலைத் தேர்ந்தெடுத்தேன். அது நேராக இருந்தது. நிழல் இருந்தது. வயல் என்றால் பட்டாதாரர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். வாய்க்கால் புறம்போக்கு, கேட்க ஆளில்லை. ஏப்ரலில் அதில் தண்ணீர் கிடையாது, மணல்தான். கண்ணாடி மாட்டியவர்கள் இறங்குவதற்கு மதகுக்குப் பத்தடி கீழே ஓர் இடத்தைக் குறித்தேன்.

அப்போது வாய்க்கால் லஸ்கர் ரெங்கசாமி கரையில் நின்றார். மதகைத் திறந்து மூடுவது அவர் வேலை. "ஏம்மா, சாமி புறப்பாடா? கம்பத் தூக்கிகிட்டு நடக்குற?" என்றார். ராஜா வரப்போகிற பாதை மாமா என்றேன். "ஆனியில தண்ணி வந்துரும். ராசா நீச்சல் தெரிஞ்சவரா பாத்துக் கூட்டியா" என்றார். இருவரும் சிரித்தோம்.

அதன் பிறகு அளவைப் படிவத்தில் தரை என்ற கட்டத்தை நிரப்பினேன். சாலை, புல், மண்பாதை, நீர் என நான்கில் ஒன்றைத் தொட வேண்டும். ஆறு மாதம் மணல், ஆறு மாதம் நீர் என்று எழுத அதில் இடம் இல்லை. சதீஷைப் போனில் கூப்பிட்டு ஜூனில் தண்ணீர் வரும் என்றேன். "வாட்டர்னு போட்டா ரூட்டே ரிஜெக்ட் ஆயிடும். இப்ப பாதைன்னு போடு, லாஞ்சுக்கு முன்னாடி மாத்திக்கலாம்" என்றார். மண்பாதையைத் தொட்டேன். பிறகு அவர் மாற்றவில்லை. நான் நினைவூட்டவில்லை.

19.06.2025 காலை 8.12க்குப் பாசனதாரர் வாட்ஸ்அப் குழுவில் ரெங்கசாமி குரல் செய்தி போட்டார். "சனிக்கெழம காலையில நம்ம முறை. ஏழரைக்குத் தொறக்குறேன். ஆடு மாட்ட வாய்க்காலுக்குள்ள விடாதீங்க" என்று இருந்தது. இரண்டு முறை கேட்டேன். யாருக்கும் அனுப்பவில்லை. கண் இருப்பவன் தண்ணீரைப் பார்ப்பான் என்று நினைத்தேன். கண்ணை மறைக்கும் வேலைக்குத்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

21.06.2025 சனிக்கிழமை காலை எட்டரைக்குத் தொடக்க விழா. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நாற்பது பேர் இரண்டு ஏசி பஸ்ஸில் வந்தார்கள். கண்ணாடி மாட்டியதும் காற்றில் கைவீசிப் போர் செய்தார்கள். எதிரே வயலில் பன்னிரண்டு பெண்கள் பம்ப்செட் தண்ணீரில் குறுவை நட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்குள் அவர்கள் தெரியவே கூடாது என்று சதீஷ் முந்தின நாளே அலையின் உயரத்தைக் கூட்டியிருந்தார். நடவாட்களில் பூவம்மாள் என்பவர், "என்னாடி இது, ஆளில்லாத எடத்துக்கு டாட்டா காட்டுறானுவ" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அன்று அங்கே சொல்லப்பட்ட புத்தியுள்ள வாக்கியம் அது ஒன்றுதான்.

பிறகு முதல் ஆட்டக்காரர் பரணிதரன், வயது 31, நான் குறித்த இடத்துக்கு வந்தார். வாய்க்காலில் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவருக்குக் கருங்கல் தெரிந்தது. "தம்பி, தண்ணிய்யா! தண்ணி!" என்று பூவம்மாள் கத்தினார். பரணிதரன் காதில் முரசு ஒலித்துக்கொண்டிருந்தது. ராஜபாட்டையில் கால் வைத்தார். விழுந்தார். ஆட்டத்தின் பகுதி என்று நினைத்து மூன்று பேர் கைதட்டினார்கள். ஒருவர் பாராட்டி விசிலடித்தார். நான் கரையில் நின்றேன். எனக்கு நீந்தத் தெரியும்.

மதகின் மேலிருந்த ரெங்கசாமி ஷட்டரை இறக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டுக் குதித்தார். விட்ட கைப்பிடி திரும்பச் சுழன்று அவர் இடது கையில் அடித்தது. அறுபதடி தள்ளிப் பாலத்துக்கு அடியில் பரணிதரனைப் பிடித்துக் கரையேற்றினார். பரணிதரன் தஞ்சாவூரில் மருத்துவமனையில் இருக்கிறார். இன்னும் கண் திறக்கவில்லை.

அன்று மாலை சதீஷ் தட்டச்சு செய்த தாள் ஒன்றை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். லஸ்கர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மதகைத் திறந்ததால் விபத்து என்று அதில் இருந்தது. கீழே என் பெயர். "நீ லோக்கல். நீ சொன்னா நம்புவாங்க. அவரு வேலைதானே போவும்" என்றார். தாள் நல்ல தாள். எழுத்துப்பிழை இல்லை. அதை இத்துடன் ஒப்படைக்கிறேன். குரல் செய்தி உள்ள என் போனையும் ஒப்படைக்கிறேன்.

விசாரணைக்கு வரச்சொன்ன ரெங்கசாமி இப்போது இந்த நிலையத்து வெளிப் பெஞ்சில் இடது கையில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே வரும்போது என்னைப் பார்த்தார். "சாப்டியாம்மா?" என்றார்.

அவர் சொல்லிவிட்டுத்தான் திறந்தார். அது வாய்க்கால் என்று அவருக்கும் எனக்கும் சதீஷுக்கும் தெரியும்.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. ஒரு திருத்தம். "தெரியாமல் மண்பாதை என்று பதிந்துவிட்டேன்" என்று தலைமைக் காவலர் எழுதியிருந்தார். அந்த முதல் சொல்லை அடிக்கச் சொன்னேன். "உன் நல்லதுக்குத்தாம்மா எழுதுனேன்" என்றார். அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றவை சரி.

(ஒப்பம்) சா. கயல்விழி